மார்ட்டின் லூதர் கிங்கும் ஒரு நாள் தொண்டூழியமும்

தலைவர் ஒருவரை நினைவுகூர நமக்குத் தெரிந்த வழிகள் சில உண்டு. படத்துக்கு மாலை, குத்துவிளக்கு, சிறப்பு வருகையாளர் வரத் தாமதமானால் இடையில் ஒரு நடனம், பிறகு இரண்டு மணி நேரப் பேச்சு, தேநீர் விருந்து. அமெரிக்கர்கள் ஒரு தலைவருக்கு வேறொரு வழியும் வைத்திருக்கிறார்கள். ஜனவரி மாதத்தின் மூன்றாவது திங்கட்கிழமை அங்கே மார்ட்டின் லூதர் கிங் நாள், பொது விடுமுறை. அன்று வீட்டில் இருந்துவிடாமல் வெளியே வந்து பிறருக்காகத் தொண்டு செய்யுங்கள் என்று குடிமக்களை ஊக்குவிக்க ஒரு சட்டமே இயற்றியிருக்கிறார்கள். பள்ளிச் சுவர்களுக்குச் சாயம் பூசுகிறார்கள். உணவு வங்கிகளில் வந்து குவியும் பொருள்களைப் பிரித்து அடுக்குகிறார்கள். பூங்காக்களைத் துப்புரவு செய்கிறார்கள்.

சென்ற பருவத்தில் ஒரு பாடத்துக்காகப் பதினைந்து நிமிடம் வகுப்பில் பேச வேண்டியிருந்தது. இந்த நாளையே தலைப்பாக எடுத்துக்கொண்டேன். எளிதாக இருக்கும் என்று நினைத்ததுதான் உண்மையான காரணம். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளி என்று படித்து வந்த எனக்குக் கிங் என்றால் 1963ஆம் ஆண்டு வாஷிங்டனில் தம் கனவைப் பற்றிப் பேசியவர், காந்தியைப் பின்பற்றியவர், சுட்டுக் கொல்லப்பட்டவர். தேர்வுக்கு அது போதுமானதாக இருந்தது. அந்தப் பதினைந்து நிமிடப் பேச்சு பின்னர் நான் எதிர்பாராத ஓர் இடத்தில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது. அதையே இங்கு எழுதுகிறேன்.

விடுமுறை வந்த கதை

கிங் 1929 ஜனவரி 15இல் அட்லாண்டா நகரில் பிறந்தார். 1968 ஏப்ரல் 4இல் மெம்பிஸ் நகரில் கொல்லப்பட்டார். அவர் மறைந்த நான்காம் நாளே ஜான் கோனியர்ஸ் எனும் கறுப்பின நாடாளுமன்ற உறுப்பினர், கிங்கின் பிறந்தநாளைத் தேசிய விடுமுறையாக்கக் கோரும் மசோதாவைக் கொண்டுவந்தார். அது நிறைவேற 15 ஆண்டுகள் ஆயின. 1979இல் ஐந்து வாக்குகள் குறைந்ததால் தோற்றது. பாடகர் ஸ்டீவி வொண்டர் அதற்காகவே ஒரு பாடல் இயற்றிப் பாடினார். 60 லட்சம் பேர் கையொப்பமிட்டனர். இறுதியில் 1983 நவம்பர் 2இல் அதிபர் ரீகன் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1986இல் முதன்முறையாக விடுமுறை கொண்டாடப்பட்டது.

அதோடு முடிந்துவிடவில்லை. 1990இல் அரிசோனா மாநில வாக்காளர்கள் இந்த விடுமுறை வேண்டாம் என்று வாக்களித்தார்கள். அதன் விளைவாக 1993ஆம் ஆண்டின் அமெரிக்கக் காற்பந்து இறுதியாட்டம் அம்மாநிலத்தின் கையை விட்டுப் போனது. 1992இல் அதே வாக்காளர்கள் மனம் மாறினார்கள். தென் கரோலினா மாநிலம் தன் அரசு ஊழியர்களுக்கு இந்த நாளை முழுமையான விடுமுறையாக்கியது 2000ஆம் ஆண்டில்தான்.

இன்று கிங்கைப் போற்றாத கட்சி அங்கே இல்லை. ஆனால் 1966இல் கேலப் நிறுவனம் நடத்திய கருத்துக் கணிப்பில் 63 விழுக்காட்டினர் அவரைப் பற்றி நல்லெண்ணம் இல்லை என்றே சொல்லியிருக்கிறார்கள். உயிரோடு இருந்தபோது பெரும்பாலோருக்குப் பிடிக்காதவர், மறைந்த பிறகு எல்லாருக்கும் பொதுவானவராகிவிட்டார். இது எனக்குச் சற்று உறுத்தலாகவே இருந்தது. ஒருவரை எல்லாருக்கும் பிடிக்கும்படி ஆக்க வேண்டுமானால் அவர் சொன்னவற்றில் சிலவற்றை விட்டுவிட வேண்டியிருக்கும் அல்லவா?

தொண்டூழிய நாள் என்ற எண்ணம் 1994இல் சட்டமானது. கொண்டுவந்தவர்கள் இருவர். ஒருவர் ஜான் லூயிஸ். 1965இல் செல்மா நகரப் பாலத்தில் காவலர்களின் தடியடியில் மண்டை உடைந்தவர். மற்றவர் ஹாரிஸ் வாஃபர்டு. இவர் இளமையில் இந்தியாவுக்குச் சென்று காந்தியின் வழிகளைக் கற்றவர், கிங்கின் நண்பர். 1959இல் கிங் ஏறத்தாழ ஒரு மாத காலம் இந்தியாவைச் சுற்றிக் கன்னியாகுமரி வரை வந்தாரே, அந்தப் பயணத்துக்கு உதவியவர்களில் ஒருவர். 1961இல் அமெரிக்க அமைதிப் படை உருவாகவும் துணை நின்றார். அமைதிப் படை என்றதும் நம் பெற்றோர்களில் சிலருக்கு நினைவு வரக்கூடும். 1962 முதல் 1983 வரை அப்படையின் தொண்டர்கள் நம் நாட்டுப் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் பணியாற்றியிருக்கிறார்கள். வாஃபர்டு 2019 ஜனவரி 21இல் காலமானார். அன்று மூன்றாவது திங்கட்கிழமை, கிங் நாள்.

சட்டத்தின் பின்னணியில் கிங்கின் ஓர் உரை இருக்கிறது. 1968 பிப்ரவரி 4இல் தம் சொந்தத் தேவாலயத்தில் அவர் ஆற்றியது. பெரியவனாக வேண்டும் என்ற ஆசை எல்லாருக்கும் உண்டு. அந்த ஆசையை விட வேண்டியதில்லை, தொண்டில் பெரியவனாகு என்பது அதன் சாரம். தொண்டு செய்யப் பட்டம் வேண்டாம், பிழையில்லாமல் பேசத் தெரிய வேண்டாம் என்றும் சொல்கிறார். 'இது ஓய்வு நாளன்று, உழைப்பு நாள்' என்ற பொருளில் ஒரு முழக்கமும் அந்த நாளுக்கு உண்டு.

சுவருக்கு வெளியே, சுவருக்கு உள்ளே

இந்த நாளை மிகப் பெரிய அளவில் நடத்தும் நகரங்களில் ஒன்று பிலடெல்பியா. 1996இல் தொடங்கினார்கள். பல ஆண்டுகளாக முதன்மை நிகழ்ச்சி நடைபெற்று வந்த இடம் ஜிரார்டு கல்லூரி. பெயர்தான் கல்லூரி, உண்மையில் அது ஓர் உறைவிடப் பள்ளி. ஸ்டீபன் ஜிரார்டு எனும் பெருஞ்செல்வர் தம் உயிலில் எழுதி வைத்தபடி 1848இல் திறக்கப்பட்டது. யாருக்காக? தந்தையை இழந்த ஏழை வெள்ளையினச் சிறுவர்களுக்காக. அந்த 'வெள்ளையின' என்ற சொல் உயிலிலேயே இருந்தது.

பள்ளியைச் சுற்றி ஆள் உயரத்தைக் காட்டிலும் மிக உயர்ந்த கற்சுவர். சுவருக்கு வெளியே கறுப்பின மக்களின் குடியிருப்பு. 1965 மே 1இல் அச்சுவரைச் சுற்றி மறியல் தொடங்கியது. வழக்கறிஞர் செசில் மூர் தலைமையில் ஏழு மாதம் 17 நாள் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். அந்த ஆகஸ்டு மாதம் கிங் அங்கே வந்து, சுவருக்கு வெளியே நின்று பேசினார். மறியலின் பின் வழக்கு நடந்தது. 1968 செப்டம்பரில் நான்கு கறுப்பினச் சிறுவர்கள் முதன்முறையாக அந்த வாயிலைக் கடந்து உள்ளே போனார்கள். கிங் அப்போது உயிரோடு இல்லை.

அவர் உள்ளே போக முடியாமல் வெளியே நின்ற அதே வளாகத்துக்குள் பல இனத்தவரும் கூடி அவர் பெயரால் தொண்டு செய்கிறார்கள். இதை வகுப்பில் சொன்னபோது எனக்கே குரல் தழுதழுத்தது. விரிவுரைஞர் நல்ல மதிப்பெண் கொடுத்தார். மெம்பிஸ் வேலைநிறுத்தத்தைப் பற்றி நான் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்.

அப்பாவின் கேள்வி

அந்த உற்சாகத்தில் நம் இயக்கத்தின் செயலவையில் நானே முன்மொழிந்தேன்: நாமும் ஒரு நாள் தொண்டூழியம் செய்வோம்! ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பைத் தேர்ந்தெடுத்தோம். 40 பேர் வந்தார்கள். சட்டை அச்சடித்தோம், கையுறை வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்கி நண்பகலுக்குள் 82 கறுப்புப் பைகள் நிறையக் குப்பை சேர்த்துச் சாலையோரம் அடுக்கிப் படம் எடுத்துக்கொண்டோம். இணைப்பாடப் புள்ளிகளும் கிடைத்தன.

அன்றிரவு வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பையெல்லாம் எங்கம்மா வெச்சீங்க?"

"ரோட்டோரமாப்பா."

"அங்க லோரி என்னைக்கு வருதுன்னு கேட்டீங்களா? ராத்திரி நாய் வந்து பூராத்தையும் இழுத்துப் போட்டிருமே. கண்ணாடி, போத்தல் எல்லாம் தனியாக் கட்டுனீங்களா?"

கட்டவில்லை. எல்லாவற்றையும் ஒரே பையில்தான் போட்டோம்.

என் அப்பா குப்பை லோரியில் வேலை செய்கிறார். இதை இந்த மலரில் எழுதுவதற்கு எனக்கு இருபத்திரண்டு வயதாக வேண்டியிருந்தது. தமிழ்ப்பள்ளியில் படித்தபோது எல்லாருக்கும் எல்லார் வீடும் தெரியும், மறைக்க ஒன்றுமில்லை. இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'லோரி ஓட்டுநர்' என்று எழுதினேன். ஐந்தாம் படிவம் வரை அப்படியே எழுதினேன். அப்பா ஓட்டுவதில்லை. பின்னால் நின்றுகொண்டு போகிறவர். அவருடைய இடது உள்ளங்கையில் ஒரு நீண்ட தழும்பு இருக்கிறது. பைக்குள் இருந்த உடைந்த கண்ணாடி கிழித்தது.

பேச்சை மாற்றுவதற்காகக் கிங்கைப் பற்றிச் சொன்னேன். அவர் சாகும்போது ஒரு வேலைநிறுத்தத்துக்காகத்தான் அந்த ஊருக்குப் போயிருந்தார் என்றேன்.

"யாரு வேலைநிறுத்தம்?"

"குப்பை அள்ளுறவங்கப்பா."

மறுமுனையில் சற்று நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, "அப்புறம் என்னா ஆச்சு? அவுங்க கேட்டது கெடச்சிச்சா?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. கிங்கைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசி மதிப்பெண் வாங்கியவளுக்கு அது தெரியவில்லை. மறுநாள் நூலகத்துக்குப் போனேன்.

மெம்பிஸ், 1968

மெம்பிஸ் நகரில் குப்பை அள்ளியவர்கள் ஏறக்குறைய எல்லாரும் கறுப்பினத்தவர். வீட்டுக் கொல்லைப்புறம் வரை சென்று, ஒழுகும் தொட்டிகளைத் தோளிலும் தலையிலும் சுமந்து லோரிக்குக் கொண்டுவர வேண்டும். மழை பெய்தால் வேலை நின்றுவிடும். அவர்களுடைய கூலி வெட்டப்படும், வெள்ளையின மேற்பார்வையாளர்களின் சம்பளம் குறையாது. முழு நேரம் உழைத்தும் அரசின் வறுமை உதவிக்குத் தகுதி பெறும் அளவுக்குத்தான் பலருடைய வருமானம் இருந்தது.

1968 பிப்ரவரி 1இல் பெருமழை. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் எனும் இரு தொழிலாளர்கள் மழைக்கு ஒதுங்க வேறு இடமில்லாமல் லோரியின் பின்பகுதிக்குள் ஏறி நின்றார்கள். குப்பையை நசுக்கும் இயந்திரம் தானாக இயங்கத் தொடங்கியது. இருவரும் உள்ளே இழுக்கப்பட்டு மாண்டார்கள். அந்தப் பழைய லோரிகளைப் பற்றித் தொழிலாளர்கள் முன்பே புகார் செய்திருந்தார்கள். இருவரும் மணிக்கணக்கில் கூலி பெற்றவர்கள் என்பதால் குடும்பத்துக்குச் சட்டப்படியான இழப்பீடு இல்லை. நகராட்சி கொடுத்தது ஒரு மாதச் சம்பளமும் அடக்கச் செலவுக்கு 500 டாலரும்.

இந்தப் பத்தியைப் படித்துவிட்டு நூலகத்திலிருந்து எழுந்து வெளியே போனேன். மழை நாட்களில் அப்பா எங்கே ஒதுங்குவார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

பிப்ரவரி 12இல் சுமார் 1,300 பேர் வேலைக்குப் போகவில்லை. சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும், சங்கச் சந்தாவைச் சம்பளத்திலிருந்து பிடித்துக் கொடுக்க வேண்டும், ஊதியம் உயர வேண்டும் என்பவை அவர்களின் கோரிக்கைகள். வேலைநிறுத்தமே சட்டவிரோதம் என்றார் நகர மேயர். தொழிலாளர்கள் நாள்தோறும் ஊர்வலம் போனார்கள். கழுத்தில் தொங்கிய அட்டைகளில் நான்கே ஆங்கிலச் சொற்கள். நான் ஒரு மனிதன் என்பது பொருள். ஊதியம் எத்தனை காசு என்று அந்த அட்டையில் இல்லை. வயது முதிர்ந்தவரையும் 'பையா' என்று அழைத்துப் பழகிய ஊருக்கு அதுதான் பதில்.

கிங்கை அங்கே அழைத்தவர் ஜேம்ஸ் லாசன் எனும் பாதிரியார். இவர் 1950களில் நாக்பூரில் தங்கி அறப்போர் முறைகளைப் பயின்றவர். கிங் அப்போது வேறொரு பெரும் வேலையில் மூழ்கியிருந்தார்: நாட்டின் எல்லா இன ஏழைகளையும் தலைநகருக்குத் திரட்டும் இயக்கம். மெம்பிஸ் வேண்டாம், நேரமில்லை என்று உடனிருந்தோர் சிலர் தடுத்தார்கள். அவர் போனார். மார்ச் 18இல் பேசும்போது, குப்பை அள்ளுபவர் மருத்துவருக்கு நிகரானவர், அவர் வேலையை நிறுத்தினால் நோய் பரவும் என்ற கருத்தைச் சொன்னார். மார்ச் 28இல் அவர் தலைமை தாங்கிய ஊர்வலம் கலவரமாக மாறியது. லேரி பெயின் எனும் 16 வயதுச் சிறுவன் காவலரால் சுடப்பட்டு இறந்தான். தம் அறவழிக்கே இழுக்கு வந்துவிட்டது என்று கலங்கிய கிங், அமைதியான ஊர்வலம் ஒன்றை நடத்திக் காட்டத் திரும்பி வந்தார்.

ஏப்ரல் 3 இரவு, புயல் மழைக்கிடையே அவர் பேசிய உரையில் நல்ல சமாரியன் கதை வருகிறது. எரிகோவுக்குப் போகும் வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் இருவர் விலகிப் போகிறார்கள். மூன்றாமவன் நின்று உதவுகிறான். அந்தப் பாதையில் தாமும் மனைவியும் காரில் போனதாகவும், வளைந்து வளைந்து இறங்கும் அந்த வழி திருடர்கள் பதுங்க ஏற்றது என்றும் சொல்கிறார். விலகிப் போனவர்கள், நின்றால் எனக்கு என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டார்கள். சமாரியனோ, நிற்காவிட்டால் இவனுக்கு என்ன ஆகும் என்று கேட்டான். துப்புரவுத் தொழிலாளர்களைப் பற்றியும் அப்படித்தான் கேட்க வேண்டும் என்றார்.

இதே கதையைச் சரியாக ஓராண்டுக்கு முன், 1967 ஏப்ரல் 4இல் நியூயார்க் தேவாலயம் ஒன்றிலும் அவர் எடுத்தாண்டிருக்கிறார். அங்கே கருத்து வேறு. அடிபட்டவனைத் தூக்குவது தொடக்கம் மட்டுமே. போகிற வருகிறவர்கள் அடிபடாதபடி அந்தப் பாதையையே மாற்ற வேண்டும் என்கிறார். ஜனவரித் தொண்டூழியத்தில் முதல் கதை நன்றாகவே நினைவில் இருக்கிறது. இரண்டாவதை வைத்து ஒரு காலைப்பொழுதில் செய்யக்கூடிய வேலை எதுவும் இல்லை என்பதால் விட்டுவிட்டார்கள் போலும். எங்கள் 82 பைகளும் அப்படித்தான். அந்த அடுக்குமாடியில் குப்பை ஏன் சேர்கிறது, எத்தனை நாளுக்கு ஒருமுறை அள்ளப்படுகிறது, அள்ளுபவர் யார் என்று நாங்கள் ஒருவரையும் கேட்கவில்லை. இதனால் தொண்டே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. பிலடெல்பியாவில் சுவருக்குச் சாயம் பூசும் பிள்ளைக்கு அந்தச் சுவரின் கதையையும் சேர்த்துச் சொன்னால் அது வேறு வேலையாகிவிடும்.

ஏப்ரல் 4 மாலை, லொரேன் விடுதியின் மாடத்தில் கிங் சுடப்பட்டார். ஏப்ரல் 8இல் அவர் மனைவி கொரெட்டா கிங், பல்லாயிரம் பேரோடு அந்த ஊர்வலத்தை மெம்பிஸ் வீதிகளில் நடத்தி முடித்தார். ஏப்ரல் 16இல், 65ஆம் நாள், உடன்பாடு வந்தது. சங்கம் அங்கீகரிக்கப்பட்டது. மணிக்கு 10 காசு மே மாதத்திலும் 5 காசு செப்டம்பரிலும் கூடியது.

பருவ விடுமுறையில் வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் இதைச் சொன்னேன். கேட்டது கிடைத்தது, ஆனால் முழுவதும் இல்லை என்றேன். நகராட்சியின் ஓய்வூதியத் திட்டத்தில் சேராமல் கூட்டரசின் பொதுச் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் அவர்கள் சேர்ந்தார்கள். பின்னாளில் அந்தப் பணம் போதவில்லை. அன்று வேலைநிறுத்தம் செய்தவர்களில் 80 வயதைக் கடந்த பிறகும் மெம்பிஸில் குப்பை லோரி வேலையை விடாதவர் உண்டு. 2017இல்தான், அப்போது உயிரோடிருந்த 14 பேருக்கு ஆளுக்கு 50,000 டாலர் கொடுக்க நகராட்சி முன்வந்தது. பிறகு அத்தொகையை 70,000 ஆக உயர்த்தினார்கள்.

அப்பா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "நாப்பத்தொம்போது வருஷம்" என்றார். பிறகு தம்முடைய கதையைச் சொன்னார். நான் கேட்டிராத கதை. அவர் பதினாறு ஆண்டுகளாக ஒரே ஊரில் ஒரே வேலை செய்கிறார். குத்தகை கைமாறும் ஒவ்வொரு முறையும் புதிய ஆளாகக் கணக்கு வைக்கிறார்கள். நான்கு முறை மாறியிருக்கிறது. ஆண்டு விடுப்பு நான்கு முறையும் முதலிலிருந்து தொடங்கியது. சேமநிதி ஒழுங்காகக் கட்டப்படுகிறதா என்று அவருக்கும் தெரியாது, அவரோடு வேலை செய்பவர்களுக்கும் தெரியாது. வரும் கடிதங்களைப் படிக்க ஆள் இல்லை. படித்த மகள் வீட்டில் இருந்தாள், கேட்கத் தயங்கினார்.

அடுத்த தொண்டூழிய நாளை எங்கே வைத்துக்கொள்வது என்று செயலவையில் பேச்சு வந்தபோது, இம்முறை சட்டை அச்சடிக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அப்பா லோரி நிறுத்துமிடத்தில் பேசி வைத்திருந்தார். சனிக்கிழமை மாலை, வேலை முடிந்து கைகால் கழுவிய பிறகு வரச் சொன்னார். "கையுறையெல்லாம் வேணாம்மா, பேனா கொண்டாங்க" என்றார்.

ஐந்து பேர் போனோம். தகரக் கூரையின் கீழ் ஒரு நீள மேசை போட்டிருந்தார்கள். முதலில் வந்தவருக்கு அப்பாவைவிட வயது அதிகம். பிளாஸ்டிக் பையைப் பிரித்து, நான்காக மடித்த கடிதம் ஒன்றை எடுத்து என் முன் வைத்து, உட்காராமல் நின்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்க ஐயா" என்றேன். கடிதம் சேமநிதி வாரியத்திலிருந்து வந்தது, இரண்டாண்டுப் பழையது. மாதம் மாதமாக விரல் வைத்துப் படித்துக் காட்டினேன். மார்ச், ஏப்ரல், மே மூன்றும் வெறுமையாக இருந்தன.

"அந்த மூணு மாசமும் நான் வேலைக்கு வந்தேம்மா" என்றார் அவர். புதிய தாளை எடுத்து, அந்த மாதங்களின் பெயரை முதலில் எழுதினேன்.